சொற்பம்மாவின் ஒன்பதாம் கட்டம்

வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, ஐந்து விரல்களையும் விரித்து, “உஸ்!” என்கிறார் சொற்பம்மா. பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற பதினெட்டுப் பேரும் கப்பென்று வாயை மூடிக்கொள்கிறார்கள். கைபேசியில் யாரையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கூடப் பாதி வசவை விழுங்கிவிட்டு நிற்கிறாள். இந்தம்மா டீச்சரா, போலீஸா என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் அந்தக் கைக்கு அடங்காத கூட்டம் இதுவரை அமைந்ததில்லை. இடது கையில், நுனியில் கறுப்புப் பஞ்சு உருண்டை செருகிய, சத்தம் அளக்கிற ஒரு சின்னக் கருவி. அதைச் சாலையை நோக்கி நீட்டிக்கொண்டு பதினைந்து நிமிஷம் ஆடாமல் அசையாமல் நிற்கிறார். மூக்கு அரித்தாலும் சொறிவதில்லை.

நேரம் முடிந்ததும் கையை இறக்கி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு விளக்கம் கொடுப்பார். “வண்டி எவ்வளவு வேணாலும் கத்தலாம். மனுஷங்கதான் கத்தக் கூடாது. நீங்க பேசினா அதுவும் ரோட்டுச் சத்தமா பதிவாயிடும். அப்புறம் ரோடு பாவமில்லையா?”

சாலையைப் பார்த்துப் பரிதாபப்படுகிற ஆள் இந்த நகரத்திலேயே இவர் ஒருத்தராகத்தான் இருக்க வேண்டும்.

வயது ஐம்பத்து மூன்று. வெயிலுக்குக் கணவரின் பழைய காக்கிச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு வருவார். கணவர் பேருந்து ஓட்டுகிறவர். கழுத்தில் தையல்காரரைப் போல ஓர் அளவு நாடா தொங்கும். மரங்களின் இடுப்பளவு எடுப்பதற்கு. “மூச்சை இழுத்துப் பிடிக்காத, சும்மா நில்லு” என்று மரத்திடம் சொல்லிவிட்டுத்தான் நாடாவைச் சுற்றுவார். பையில் மரங்களுக்கு எண் போட ஒரு டப்பா நிறையச் சாக்பீஸ், நான்கு வெள்ளைக் கைக்குட்டைகள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் வணக்கம் சொல்வதற்கு முன்பே ஜன்னல் விளிம்பில் கைக்குட்டையை ஒரு இழுப்பு இழுத்து, எவ்வளவு கறுப்பாகிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிடுவார். இந்த ஒரு பழக்கத்தாலேயே உறவுக்காரர்கள் பாதிப் பேர் இவரை வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை.

வேலை பார்ப்பது ஒரு டயர் கடையின் மாடியில், இரண்டு அறை அலுவலகத்தில். சாலையோ பாலமோ போடுவதற்கு முன்னால், அதனால் காற்றுக்கும் தண்ணீருக்கும் மரத்துக்கும் மனிதருக்கும் என்ன ஆகும் என்று அறிக்கை எழுதிக் கொடுக்கிற நிறுவனம் அது. அளப்பவரும் எண்ணுபவரும் படிவத்தை நிரப்புபவரும் இவர்தான். படிவத்தில் தூசி, இரைச்சல், மரம், பறவை என்று எட்டுக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘பாதிப்பின் அளவு’ என்று ஒரு கோடு. அந்தக் கோட்டில் இவர் இருபது வருஷமாக எழுதி வருவது ஒரே ஒரு சொல்: சொற்பம். தூசி? சொற்பம். இரைச்சல்? சொற்பம். மழைநீர்? அதுவும் சொற்பம். அலுவலகத்துப் பிள்ளைகள் பார்த்தார்கள், சொற்பத்தையும் அம்மாவையும் சேர்த்து ஒட்டி ‘சொற்பம்மா’ ஆக்கிவிட்டார்கள். இவருக்குக் கோபமில்லை. “நல்லாத்தானே இருக்கு? கூப்பிடும்போது வாய் நிறையுது” என்பார்.

வீட்டிலும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. உப்பு எப்படி இருக்கிறது என்று இவர் கேட்டால், “குறை சொற்பம், மேடம்” என்பார் கணவர். கணவர் பல் விளக்குகையில் குழாயைத் திறந்துவிட்டு மறந்தால், “இழப்பு சொற்பம்னு நினைப்போ?” என்று இவர் குரல் அடுப்படியிலிருந்து வரும். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் நடந்த சண்டைகளின் ஒட்டுமொத்த விளைவும் இருவர் கருத்திலும் சொற்பம்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட வேண்டும். இவர் எழுதுகிற எண்ணில் பொய் கிடையாது. நாற்பத்தோரு மரம் என்றால் நாற்பத்தோரு மரம். மேனேஜர் வயதில் சின்னவர், மரியாதையானவர், எதற்கெடுத்தாலும் “அக்கா, அக்கா” என்பவர். அவரிடம் இவர் முதல் நாளே வரையறை சொல்லிவிட்டார்: “எண்ணு என்னோடது, தம்பி. அடைமொழி உங்களோடது.” இருபது வருஷ வேலையை இப்படிப் பாதியாகப் பிரித்து, தன் பாதியை மட்டும் துடைத்துத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார். தூக்கமும் நன்றாகத்தான் வந்தது.

*

சாலைக் கதைக்கு வருவோம். நகரத்தின் நடுவிலிருந்து ஆற்றுப் பாலம் வரைக்கும் ஒரு பெரிய சாலை. நீளம் ஆறு கிலோமீட்டரும் கொஞ்சமும். அதை அகலப்படுத்த வேண்டும். ஆனால் ஒரு கிலோமீட்டரோ அதற்கு மேலோ போனால் முழு ஆய்வு செய்ய வேண்டும் என்று விதி; நான்கு பருவமும் அளக்க வேண்டும், நிபுணர்கள் வர வேண்டும், வருஷக்கணக்கில் இழுக்கும். ஒரு கிலோமீட்டருக்குக் குறைவு என்றால் ஒரு குட்டிப் படிவம் போதும். யாரோ ஒரு மகா புத்திசாலி சாலையைத் தொள்ளாயிரம் மீட்டர், தொள்ளாயிரம் மீட்டராக ஏழு துண்டு போட்டார். வருஷத்துக்கு ஒரு துண்டு, துண்டுக்கு ஒரு குட்டிப் படிவம்.

படிவத்தில் அந்த எட்டுக்கும் அப்புறம் ஒன்பதாவதாக ஒரு கட்டம் உண்டு. ‘அருகில் நடக்கும் பிற பணிகளோடு சேர்த்துப் பார்க்கையில் பாதிப்பு’ என்று கேட்கும். இரண்டாம் துண்டின்போது சொற்பம்மா அங்கே பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார்.

“தம்பி, இதுல போன வருஷத்துத் துண்டையும் சேர்க்கணுமில்ல?”

“அது வேற திட்டம்க்கா. இது வேற திட்டம். கோப்பு எண்ணைப் பாருங்க, வேற வேறயா இருக்கா?”

“ஒரே ரோடுதானே?”

“ரோடு ஒண்ணுதான்க்கா. கோப்புதான் ஏழு.”

சொற்பம்மா ‘பொருந்தாது’ என்று எழுதினார். அதற்கப்புறம் அந்தக் கட்டத்தில் பேனா நின்று யோசிக்கவில்லை. ஆறு படிவத்திலும் பொருந்தாதுதான்.

துன்பம் என்று ஒன்று வந்தால் அதைப் போக்க வழியும் எழுத வேண்டுமே, அதற்கும் படிவத்தில் இடம் உண்டு. அதற்கும் இவரிடம் ஒரு சொல் தயாராக இருந்தது: பக்கத்துப் பகுதி. முதல் துண்டில் மரம் போனால் மைனாக்கள் எங்கே போகும்? பக்கத்துப் பகுதி மரங்களுக்குப் போகும். மழைத்தண்ணீர்? பக்கத்துப் பகுதி வடிகாலுக்கு. நிறுத்த இடமில்லாத வண்டிகள்? பக்கத்துப் பகுதிக்கு. அடுத்த வருஷம் அந்தப் பக்கத்துப் பகுதியே வெட்டுக்கு வரும். அப்போது அங்கே இருக்கிற மைனாக்களும் தண்ணீரும் வண்டிகளும் அதற்குப் பக்கத்துப் பகுதிக்குப் புறப்படும். கல்யாண வீட்டில் பாத்திரம் கைமாறுவதுபோல ஆறு வருஷம் இப்படி எல்லாம் கைமாறிக்கொண்டே வந்தது.

சாவிக்காரரும் அப்படித்தான் வந்தார்.

முதல் துண்டில், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் அவர் உட்கார்ந்திருந்தார். மரப்பெட்டி ஒன்று, அதன் விளிம்பில் முடுக்கிய ஒரு குட்டி இடுக்கி, இரண்டு அரம், கம்பியில் கோர்த்த வெற்றுச் சாவிகள், சாவி வடிவத்திலேயே வெட்டித் தொங்கவிட்ட தகரப் பலகை. சொத்து அவ்வளவுதான். ‘பாதிக்கப்படும் வியாபாரிகள்: 1. பாதிப்பு: சொற்பம். மாற்று இடம்: பக்கத்துப் பகுதி’ என்று எழுதிக்கொண்ட சொற்பம்மா, மனசு கேட்காமல் கையைக் காட்டி வழியும் சொன்னார். “பெட்ரோல் பங்க் எதிர்ல நல்ல நிழல் இருக்கு, அங்க போயிடுங்க.”

“வாடிக்கைக்காரங்க தேடுவாங்களேம்மா. வீட்டைப் பூட்டிட்டுச் சாவியத் தொலைச்சவன் எவ்வளவு தூரம் நடப்பான்? ஒரு சாக்பீஸ் குடுங்க.”

சாக்பீஸை வாங்கி நடைபாதையில் ஓர் அம்புக்குறி போட்டார். பக்கத்தில் ‘சாவி’ என்று எழுதினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்பு காட்டிய பக்கம் போய்விட்டார்.

அடுத்த வருஷம் பெட்ரோல் பங்க் எதிரிலும் சாக்பீஸ் டப்பாவோடு போய் நின்றார் சொற்பம்மா. அதற்கடுத்து ஆஸ்பத்திரி வாசலில். அப்புறம் தபால் நிலையத்தின் ஓரம். நான்காவது முறை இவர் தலை தெரிந்ததுமே சாவிக்காரர் இடுக்கியின் திருகைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். “வாங்கம்மா. நீங்க வந்தாலே எனக்கு ஜாகை மாத்தற யோகம். இந்தத் தடவை எந்தப் பக்கம்?” குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் சொற்பம்மாவுக்குத் தைத்தது. திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு மறந்திருப்பார்.

*

இந்த வருஷம் ஏழாவது துண்டு. கடைசித் துண்டு. இருபத்து நான்கு மரங்கள், எல்லாம் கைகோர்த்து நிற்கிற பெரிய தூங்குமூஞ்சிகள். ஆறு துண்டிலும் வீடிழந்த மைனாக்கள் மொத்தமும் இங்கேதான் குடியிருக்கின்றன. சாயங்காலம் ஐந்தரைக்கு அவை போடுகிற கூச்சல் இருக்கிறதே, அடேயப்பா! அந்த நேரத்தில் கருவியை நீட்டினால் எண் தாவுகிறது. இருபத்து நான்காவது மரத்தடியில் சாவிக்காரர். தலைக்கு மேல் விரித்திருக்கிற கறுப்புக் குடை இப்போது வெள்ளைக் குடை.

“மைனா உபயம்” என்றார் சாவிக்காரர். “ஆறு ஏரியா மைனாவும் நம்மகிட்டதான் வரி கட்டுது.”

மேனேஜருக்கு இந்த வெள்ளைக் குடை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ‘திட்டத்தின் நன்மைகள்’ என்ற இடத்தில் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: ‘மரங்கள் அகற்றப்படுவதால் பறவை எச்சத் தொல்லை நீங்கும்.’ சொற்பம்மா அந்த வரியை இரண்டு முறை வாசித்தார். அது எண் இல்லை, அடைமொழிப் பக்கம். அதனால் அடிக்காமல் விட்டார். ஆனால் அன்றைக்கு டீயை ஆறவிட்டுவிட்டார்.

மரங்களுக்கு எண் போட்டு முடித்து, இருபத்து நான்காவதன் இடுப்பையும் அளந்து நாடாவைச் சுருட்டும்போது, சாவிக்காரர் வழக்கம்போலக் கையை நீட்டினார். சொற்பம்மா சாக்பீஸைக் கொடுத்தார். அவர் குனிந்து உட்கார்ந்தார். சாக்பீஸ் நுனி தரையைத் தொட்டது, நின்றது.

“அம்பு எந்தப் பக்கம் போடட்டும்மா?”

சொற்பம்மா வலதுபக்கம் பார்த்தார். ஆற்றுப் பாலம், அதில் நடைபாதைகூடக் கிடையாது. இடதுபக்கம் பார்த்தார். அகலமான ஆறு துண்டுகளும் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு பொட்டு நிழல் இல்லாமல் வெயிலில் பளபளத்துக்கொண்டு கிடந்தன. பக்கத்துப் பகுதி தீர்ந்துபோயிருந்தது.

“நாளைக்குச் சொல்றேன்” என்றார். படிவம் மேலே போய், கருத்துக் கேட்புக் கூட்டமும் தடங்கலின்றி முடிந்துவிட்டால் மறு வாரமே அறுவை இயந்திரம் வரும். மரம் போகும், சாவிக்காரருக்கு உட்கார இடம் இருக்காது.

அன்று வீட்டில் சோறு போடும்போது பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டார். அந்தப் பேருந்து நிறுத்தத்தை இவர் ஒவ்வொரு வருஷமும் அளந்திருக்கிறார். முதல் வருஷம் அறுபத்து நான்கு டெசிபல். துண்டுக்கு இரண்டு டெசிபல் ஏறும், அது காது உணராத அளவு, ஆகையால் சொற்பம். அடுத்த வருஷம் ஏறின எண்ணையே புது ஆரம்பமாக வைத்துக்கொண்டு, மறுபடி இரண்டு, மறுபடி சொற்பம். இன்றைக்கு எழுபத்தாறு.

“என்னங்க, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?”

“எங்க போறே?” என்றார் கணவர்.

“சோறு! சோறு!”

“எதுக்கு இப்படிக் கத்தறே? எனக்கென்ன காது செவிடா?”

அந்தச் சாலையிலேயே இருபத்திரண்டு வருஷமாக வண்டி ஓட்டுகிற மனிதர். சொற்பம்மா எழுந்து போய்ப் பையிலிருந்து கருவியை எடுத்து வந்தார். தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, மற்றவர்களிடம் பேசுகிற சாதாரணக் குரலில், “ரசனையே இல்லாத மனுஷன்” என்றார். கணவர் தேமே என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குரலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி அதையே நான்கு முறை சொன்னார். ஐந்தாவது முறைதான், “யாரு, நானா?” என்று நிமிர்ந்தார். கருவியில் எண் எழுபத்தாறைத் தொட்டிருந்ததைப் பார்த்துவிட்டுச் சொற்பம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வருஷத்துக்கு இரண்டு இரண்டாக இவரும் வீட்டில் குரலை ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார். இத்தனை அளந்தவருக்கு இது தெரியவேயில்லை.

*

கூட்டத்துக்கு முன்னால் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. கடைசித் துண்டு என்பதால் ஏழு துண்டுக்கும் ஒரே அட்டவணை வேண்டுமாம். சொற்பம்மா கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கூட்டினார். மரங்கள் இருநூற்று முப்பத்து மூன்று. ‘பாதிக்கப்படும் வியாபாரிகள்’ வரிசையில் ஒன்று, ஒன்று, ஒன்று என்று ஏழு ஒன்றுகள் இருந்தன. கூட்டிப் பார்த்து ஏழு என்று எழுதினார். அட்டவணை போயிற்று.

நான்கு நாள் கழித்து மரத்தடியில் சாவிக்காரர் ஒரு கட்டுக் கடிதத்தை விசிறிபோல விரித்துக் காட்டினார். “அம்மா, கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்காங்க. ஏழு தடவை கூப்பிட்டிருக்காங்க! ஒண்ணு பெட்ரோல் பங்க்குக்குப் போயி, ஒண்ணு ஆஸ்பத்திரிக்குப் போயி, நம்ம அம்புக்குறியைப் பார்த்து எல்லாம் இங்க வந்து சேர்ந்துடுச்சு. அவ்வளவு பெரிய ஆளா ஆயிட்டனா நான்?”

சொற்பம்மாவுக்குக் காதுவரை சூடேறிவிட்டது. கூட்டலில் தப்பில்லை. கூட்டின ஏழு பேரும்தான் ஒரே ஆள். இருபது வருஷத்தில் முதல் முறையாக இவரது எண் பொய் சொல்லியிருக்கிறது. ஓட்டமும் நடையுமாக மாடியேறி மேனேஜரிடம் சொன்னார்.

“தம்பி, தப்பாயிடுச்சு. ஏழு பேர் இல்ல, ஒரே ஆளுதான். ஏழு இடத்துல இருந்தார். திருத்தம் அனுப்பிடலாம்.”

மேனேஜர் யோசித்தார். முகம் மலர்ந்தது. “விடுங்கக்கா! ஏழு பேரையும் கூப்பிட்டோம்னு இருந்தா நமக்கு நல்ல பேருதானே? ஒருத்தர் வந்தாருன்னா, மீதி ஆறு பேருக்கு ஆட்சேபம் இல்லைன்னு எழுதிக்கலாம்.”

“சரி தம்பி” என்றார் சொற்பம்மா. “நான் சொல்லிட்டேன், ஞாபகம் வெச்சுக்கோங்க.”

*

கூட்ட அரங்கில் முன்வரிசையில், நடுவிலிருந்து வலது சுவர் வரைக்கும் ஏழு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு தாள்: ‘பாதிக்கப்பட்ட வியாபாரி 1’, ‘பாதிக்கப்பட்ட வியாபாரி 2’ என்று ஏழு வரைக்கும். சாவிக்காரர் தலை வாரி, துவைத்த சட்டை போட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெட்டியை ஏன் தூக்கிக்கொண்டு வந்தீர்கள் என்று வாசலில் கேட்டதற்கு, “விட்டுட்டு வந்தா திரும்பப் போகும்போது இடம் இருக்குமோ இருக்காதோ” என்றாராம். சொற்பம்மா ஓரத்து மேஜையில், ஏழு கோப்புகளோடு.

மேடையில் அதிகாரி ஒரு பெண்மணி. மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அட்டவணையைப் பார்த்தார். “வியாபாரிங்க ஏழு பேர்னு போட்டிருக்கு. ஒருத்தர்தானே இருக்கார்? மீதி ஆறு பேர் எங்க?”

மேனேஜர் எழுவதற்குள் சாவிக்காரர் எழுந்துவிட்டார். “ஏழு பேரும் வந்தாச்சுங்க.”

“எங்க?”

சாவிக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தார். “இது ரெண்டாவது ஆளுங்க. பெட்ரோல் பங்க் எதிர்ல இருந்தான்.” எழுந்தார். மூன்றாவதில் உட்கார்ந்தார். “இவன் ஆஸ்பத்திரி வாசல்.” அரங்கம் சிரித்தது. நான்காவது. “தபாலாபீஸ் ஓரம். இங்க வரும்போது பழைய வாடிக்கை பாதி போயிடுச்சுங்க.” ஐந்தாவது. “இங்க நிழலே கிடையாது, குடை வாங்கினேன்.” சிரிப்பு கொஞ்சம் தேய்ந்தது. ஆறாவது. “இங்க மழைத்தண்ணி நின்னு, பெட்டி அடிப்பலகை உளுத்துடுச்சு.” ஒவ்வொரு தடவையும் அந்தப் பெட்டியைத் தூக்கி, நகர்ந்து, வைத்து, உட்கார்ந்து. ஏழாவதில் உட்கார்ந்தபோது யாருமே சிரிக்கவில்லை. “இது இப்ப இருக்கற இடங்க.”

சாவிக்காரர் வலது கையை நீட்டிப் பக்கத்தில் தட்டிக் காட்டினார். டொக் டொக் என்றது.

“இதுக்கு அப்புறம் சுவருங்க. எந்தப் பக்கம் போறதுன்னு அம்மாதான் சொல்லணும்.”

அதிகாரி சொற்பம்மா பக்கம் திரும்பினார். மேனேஜர் குறுக்கே பாய்ந்தார். “மேடம், ஒவ்வொண்ணா தனித்தனியா எடுத்துப் பார்த்தீங்கன்னா பாதிப்பு ரொம்பவே சொற்—”

சொற்பம்மாவின் வலது கை தலைக்கு மேல் எழுந்தது. ஐந்து விரல்களும் விரிந்தன. “உஸ்!”

மேனேஜர் கப்பென்று அடங்கினார். சொற்பம்மா ஏழாவது படிவத்தை எடுத்தார். ஒன்பதாம் கட்டத்தில் தான் எழுதியிருந்த ‘பொருந்தாது’வை ஒரே கோட்டில் அடித்தார். அடித்த இடத்துக்கு மேலே எழுதிக்கொண்டே, எழுத எழுத வாசித்தார். குரல் கடைசி வரிசைக்கும் கேட்டது. வீட்டில் பேசிப் பேசி வந்த குரல் அல்லவா!

“மரம், இருநூத்து முப்பத்து மூணு. சத்தம், பன்னெண்டு டெசிபல் ஏறியிருக்கு. எல்லா மைனாவும் இருபத்து நாலு மரத்துல இருக்கு. வியாபாரி ஒருத்தர், ஏழு தடவை. மாற்று இடம்…” அந்தச் சுவரைப் பார்த்தார். “மாற்று இடம், இல்லை.”

“பாதிப்பின் அளவு?” என்று கேட்டார் அதிகாரி.

“அதுக்கு என்கிட்ட வார்த்தை இல்லைங்க மேடம். ஒரு வார்த்தைதான் இருந்துச்சு. அது இங்க பத்தாது.”

அதிகாரி படிவத்தை வாங்கினார். ஏழு கோப்பு எண்களையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். “ஒன்பதாம் கட்டம் இப்படி நிரம்பினா இது குட்டிப் படிவத்துல அடங்காதே. முழு ரோட்டுக்கும் முழு ஆய்வு வேணும். அது முடியறவரைக்கும் யாரும் மரத்துல கை வைக்கக் கூடாது.” முத்திரையைக் குத்திவிட்டுக் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார்.

முடியறவரைக்கும் என்றுதான் சொன்னார். அதற்கப்புறம் என்ன என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

வெளியே வந்ததும் மேனேஜர் தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். “என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? ஒண்ணரை வருஷம் இழுக்குமேக்கா! முதலாளிக்கு நான் என்னன்னு எழுதுவேன்?”

“தாமதம் சொற்பம்னு எழுதுங்க, தம்பி” என்றார் சொற்பம்மா. சொல்லிவிட்டு அவருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில், காக்கிச் சட்டை, கழுத்து நாடா, சாக்பீஸ் டப்பா சகிதம் அந்தப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கினார். இருபத்து நான்காவது மரத்தடியில் சாவிக்காரர் இடுக்கியைத் திருகிக்கொண்டிருந்தார். இவர் தலை தெரிந்ததும், பழக்க தோஷம், முடுக்கிய கையை, கழற்றுவதற்காக எதிர்ப்பக்கமாகத் திருப்பினார்.

“அம்பு எந்தப் பக்கம்மா?” என்று சாக்பீஸுக்குக் கையை நீட்டினார்.

சொற்பம்மா சாக்பீஸைக் கொடுக்கவில்லை. மரத்தில் தான் போட்டிருந்த 24 என்ற எண்ணுக்குக் கீழே சாக்பீஸை வைத்து அழுத்தி, நேராகக் கீழே, பெட்டிக்கு மேலே ஒரு சாண் வரைக்கும் நீளமாக ஒரு கோடு இழுத்து, அதன் நுனியில் அம்பு முனையைப் போட்டார்.